கடலோரப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்த அனுமதி தருமுன்: ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும், பள்ளிக்கல்வித் துறைக்கும், இந்தக் கடற்கரைக்கு ஆய்வு மாணவர்களையும் கணக்கெடுப்பாளர்களையும் அனுப்பிவைக்கும் பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், அவற்றின் அறநெறிக் குழுக்கள் ஆகியோருக்கும் வணக்கம்.

வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களை மேம்படுத்த 2018-ல் நிதி ஆயோக் வெளியிட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும். அது முதல் ஊட்டச்சத்து, கற்றல் திறன், இடைநிற்றல், குழந்தை உழைப்பு, பருவநிலை என்று ஏதாவதொரு தலைப்போடு இங்கே வந்து பிள்ளைகளைப் பேசவைக்க விரும்புவோர் பெருகியிருக்கிறார்கள். வருவதை நாங்கள் வரவேற்கிறோம். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். பிள்ளைகள் தாமாகப் பேசி ஏட்டில் ஏறியது மிகக் குறைவு. தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு. அந்த உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது.

ஆனால் ஆய்வு நடக்கும் விதம் அந்த உரிமைக்குப் பொருந்தவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: முற்பகலில் பள்ளி வாசலில் வண்டி நிற்கும். தலைமையாசிரியர் ‘நல்லாப் பேசுற பிள்ளைங்க’ பத்துப் பேரை எழுப்பி அனுப்புவார். வகுப்பாசிரியர் ஜன்னலோரம் நிற்பார். ‘பள்ளிக்கூடம் பிடிக்குமா?’ என்று கேட்டதும் பத்துப் பேரும் ‘பிடிக்கும் சார்’ என்பார்கள். மதியச் சாப்பாட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதிலிருந்து வரும் அறிக்கையை வைத்துத் திட்டமும் போடப்படும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பிள்ளைகளின் அனுபவத்தை அறிய வரும் ஆய்வுக்கு, தலைப்பைப் பார்த்து அனுமதி தராதீர்கள். முறையைப் பார்த்துத் தாருங்கள். எத்தனை நாள், எந்த இடம், எந்தப் பருவம், யார் பேசுவது, எப்படி நிறுத்துவது, பிறகு என்ன செய்வது என்ற விவரம் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். விண்ணப்பத்தில் எதைத் தேடலாம் என்பதைக் களத்தில் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் என்ற முறையில் கீழே எழுதுகிறோம்.

முதலில் நாள்காட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கல்லூரி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் ஆய்வு மாணவர்கள் அதிகம் வருவது மே மாதம். விசைப்படகு ஓட்டும் வீடுகளில் அப்போது அப்பா கரையில் இருப்பார், கையில் காசு இருக்காது, பள்ளி மூடியிருக்கும், சில வீடுகள் பிழைப்புத் தேடி வேறு ஊருக்கே போயிருக்கும். அந்த மாதத்தில் கேட்டு எழுதிய ‘அன்றாட வாழ்க்கை’ மற்ற பத்து மாதத்துக்கு ஒத்துவராது. நாட்டுப்படகு வீடுகளுக்குத் தடைக்காலம் இல்லை. ஒரே தெருவில் இரண்டு விதமான மே மாதம் நடக்கும். தடை இல்லாத மாதங்களிலும் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்குச் சில கிழமை, நாட்டுப்படகுக்கு மற்றக் கிழமை என்று முறை உண்டு. அப்பா கடலில் இருக்கும் இரவும் கரையில் இருக்கும் இரவும் ஒரு பிள்ளைக்கு வெவ்வேறு இரவுகள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் கொந்தளிக்கும்; பாம்பனில் சிலர் படகை மன்னார் வளைகுடாவான தென்கடல் பக்கம் கொண்டுபோவார்கள்; பிள்ளைகளின் நேரமும் அதோடு மாறும். ஆகவே குறைந்தது இரண்டு பருவத்தில், ஒவ்வொரு பருவத்திலும் கடலுக்குப் போகும் நாளிலும் போகாத நாளிலும் அதே பிள்ளைகளைச் சந்திக்க வேண்டும். ஒரே தடவை வந்துபோகும் திட்டத்துக்கு ‘அனுபவம்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்கத் தகுதியில்லை என்பது எங்கள் முடிவு.

அடுத்தது, எந்தப் பிள்ளைகள் என்பது. பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுத்தால், எந்தப் பிள்ளைகளைத் தேடி ஆய்வு வந்ததோ அவர்கள்தான் விட்டுப்போவார்கள். பதிவேட்டில் பெயர் இருந்து வகுப்பில் இல்லாதவர்கள், படகுக்குப் போகும் பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பெண்பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள் ஆகியோர் பள்ளிக்கூடம் வழியாகக் கிடைக்கமாட்டார்கள். விடியற்காலையில் மீன் இறக்கும் இடத்துக்கும், பிற்பகலில் கருவாடு காயும் களத்துக்கும், சாயங்காலம் விளையாட்டுத் திடலுக்கும் தொடர்ந்து நாலைந்து நாள், கையில் தாள் பேனா எதுவும் இல்லாமல் போனால்தான் அவர்கள் கண்ணில் படுவார்கள். இந்த நாள்களுக்குத் திட்டத்தில் இடம் வேண்டும். பெயர் தெரியாத ஆளிடம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. அதை வெட்கம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போவது தவறு.

அனுமதி என்பது இங்கே நாலு அடுக்கு: அலுவலகம், ஊர், பெற்றோர், பிள்ளை. ஊர்த்தலைவரோ பங்குத்தந்தையோ ஜமாஅத்தோ சரியென்றால் ஊருக்குள் நுழையலாம், அவ்வளவுதான்; அது பெற்றோரின் ஒப்புதல் ஆகாது. தலைமையாசிரியரின் கையெழுத்தும் ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவையும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவையும் பெற்றோர் ஒப்புதலோடு சேர்த்துக் கேட்கின்றன. மருத்துவத்துக்கும் சுகாதாரத்துக்கும் எழுதப்பட்ட நெறிமுறைதான் என்றாலும், சமூக ஆய்வு அதைவிடக் குறைவாக நடந்துகொள்ள ஒரு காரணமும் இல்லை.

பெற்றோர் ஒப்புதலில் இங்கே அடிக்கடி தட்டுவது கையெழுத்துத்தான். குழுக்கடன் வாங்கிய வீட்டில் கையெழுத்து என்றதும் தவணைதான் ஞாபகத்துக்கு வரும். ‘எதுக்குக் கையெழுத்து? லோனா?’ என்று கேட்கும் அம்மாவிடம் மூன்று பக்கப் படிவத்தை நீட்டுவது அவரைப் பயமுறுத்தத்தான் பயன்படும். ஒரு பக்கத் தாள், பேச்சுத் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதை வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அந்தப் பேச்சையே ஒலிப்பதிவாக வைத்துக்கொள்ளலாம். படகில் இருக்கும் அப்பாவிடம் பேச வேண்டும் என்று அம்மா சொன்னால், படகு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அன்றே பதில் வேண்டும் என்று கேட்பவருக்கு வரும் ‘சரி’, ஆளை அனுப்பிவைப்பதற்காகச் சொல்லும் சரி.

பிள்ளையின் இசைவு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்வதல்ல, ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாகக் கேட்க வேண்டியது. நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லிப் பழக்கமில்லை. அதனால் மறுப்பைப் பழக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, ஆய்வாளர் சும்மா ஒரு கதை சொல்லத் தொடங்கி, அட்டையைக் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை விளையாட்டாக நிறுத்திப் பார்த்த பிள்ளைக்குத்தான் நிஜத்தில் நிறுத்தக் கை வரும். அட்டையைத் தொடாமலும் பிள்ளைகள் ‘வேண்டாம்’ என்பார்கள்: எல்லாக் கேள்விக்கும் ‘தெரியல’, சட்டைப் பொத்தானைத் திருகுவது, ‘ஒண்ணுக்குப் போகணும்’, வாசலையே பார்ப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் பேச்சை முடித்துவிட வேண்டும். ‘இன்னும் ஒரே கேள்வி’ என்று இழுக்கக் கூடாது.

இதோடு சேர்த்து, ‘நீ சொல்றத யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்ற வாக்கை யாரும் கொடுக்கக் கூடாது. போக்சோ சட்டம் 2012-ன் 19-வது பிரிவுப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தவறினால் 21-வது பிரிவில் தண்டனை உண்டு. கொடுத்த வாக்கை மீறுவதைவிடத் தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்வது மேல்: ‘நீ பேசுறத உன் பேர் போடாமத்தான் எழுதுவேன். உனக்கோ இன்னொரு பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உதவி பண்ணக்கூடிய ஆள்கிட்டச் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்.’ பிள்ளை அப்படி எதையாவது வெளியிட்டால் ஆய்வு அந்த நொடியில் நின்றுவிட வேண்டும். துருவிக் கேட்கக் கூடாது. ஆய்வாளரின் துருவல் பின்னால் விசாரணையைக் கெடுக்கும், பிள்ளையையும் பலமுறை சொல்லவைக்கும். 1098 என்ற குழந்தை உதவி எண்ணும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் யாரை அழைப்பது என்ற விவரமும் களத்துக்கு வருமுன் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இந்த இரண்டும் இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

இனி முறைகள். நாங்கள் அதிகம் பார்ப்பது படம் வரையச் சொல்வது. நல்ல முறைதான், கெடுவதும் எளிது. ‘உன் ஊரை வரை’ என்று தாளைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைவட்டச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, ‘3’ வடிவத்தில் பறவைகள். மலையே இல்லாத மாவட்டத்தில் பிள்ளைகள் மலை வரைகிறார்கள், ஏனென்றால் பள்ளியில் ‘இயற்கைக் காட்சி’க்கு மதிப்பெண் வாங்கித் தந்த படம் அதுதான். கேட்பதைக் குறுக்க வேண்டும்: ‘நேத்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததுக்கு அப்புறம் நீ இருந்த இடத்தை, அங்க யார் யார் இருந்தாங்கன்னு வரைஞ்சு காட்டு.’ உடனே மலை மறையும்; வலைக்குவியல், ஐஸ் பெட்டி, தண்ணீர்க் குடம், நாய் எல்லாம் தாளுக்கு வரும்.

ஏ3 அளவுத் தாள் கொடுங்கள். ஏ4-ல் மூலையில் சின்னதாக வரைந்து முடித்துவிடுவார்கள். நீலத்தில் இரண்டு மூன்று சாயல் இருக்கும் வண்ணக்கட்டிப் பெட்டி, ஆளுக்கொன்று. ரப்பர் வேண்டாம், முதலில் வரைந்து அழித்ததுதான் பல நேரம் முக்கியமானது. ஒட்டி உட்கார்ந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைவார்கள், கைக்கெட்டாத் தூரத்தில் உட்காரவையுங்கள். எதை முதலில் வரைந்தது, எங்கே நிறுத்தி யோசித்தது என்று பக்கத்திலிருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். வரைந்ததும் ‘இது என்ன?’ என்று கேட்பதைவிட, ‘இதைப் பத்திச் சொல்லேன்’ என்றால் பேச்சு நீளும். அந்தப் பேச்சுத்தான் தரவு. பேச்சில்லாத படத்தை வைத்து எதையும் எழுதக் கூடாது. கறுப்பை அதிகம் பூசிய பிள்ளைக்கு மனச்சோர்வு என்று எழுதும் வழக்கத்தை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். இராக்கடல் கறுப்பாகத்தான் இருக்கும். பெட்டியில் கறுப்பு மட்டும் மிச்சமிருந்திருக்கவும் கூடும். படம் பிள்ளைக்குச் சொந்தம். ஒளிப்படம் எடுத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுங்கள். பின்பக்கம் எண் மட்டும் போடுங்கள், பெயர் வேண்டாம்.

ஒரு நாளின் நேரத்தை அறிய மணிக்கணக்குக் கேட்டுப் பயனில்லை. மணலில் ஒரு வட்டம் போட்டு, 24 சிப்பிகளைக் கொடுத்து, தூக்கம், பள்ளி, விளையாட்டு, வீட்டுவேலை, கடற்கரை என்று பிள்ளையே பிரித்து வைக்கட்டும். பெரியவர் பக்கத்தில் இருப்பதால் முதல் சுற்றில் படிப்புக்குத்தான் சிப்பி குவியும். அதைத் திருத்தாமல், ‘இது எந்த நாள்?’ என்று கேட்டு, நேற்றைக்கு ஒரு வட்டம், படகு வந்த ஒரு நாளுக்கு இன்னொரு வட்டம் போடச் சொன்னால் சிப்பிகள் தாமாக இடம் மாறும். இங்கே ‘வேலை செய்யிறியா?’ என்ற கேள்விக்கு அநேகமாக ‘இல்ல’ என்றுதான் பதில் வரும். இறால் உரிப்பது, வலையில் மீன் கழற்றுவது, கருவாடு புரட்டுவது, குடம் தூக்குவது எதுவும் அவர்களுக்கு வேலை அல்ல, அம்மாவுக்கு ஒத்தாசை. வேலை என்று ஒத்துக்கொண்டால் அதிகாரிகள் வருவார்கள் என்ற பயம் பெற்றோருக்கும் உண்டு. குழந்தை உழைப்புத் தடைச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பின், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. செயலைக் கேளுங்கள், பெயர் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்பதில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, ‘ஏன்?’ என்பது. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ‘ஏன்’ என்பது திட்டுவதற்கு முன்னால் வரும் சொல். ‘ஏன் நேத்து வரல?’ என்றால் பிள்ளை சாக்குத் தேடும். ‘நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லு’, ‘அப்புறம்?’, ‘அப்ப யாரு இருந்தா?’ என்று போனால் காரணம் தானாக வரும். இன்னொன்று, பதில் சரியாகப் பிடிபடவில்லை என்று அதே கேள்வியை மறுபடி கேட்பது. பிள்ளை முதல் பதில் தப்பென்று நினைத்து மாற்றிச் சொல்லும். 1974-ல் சூசன் ரோஸும் மரியன் பிளாங்கும் பியாஜே என்ற உளவியலாளரின் சோதனையில் கேள்வியை இரண்டு தடவைக்குப் பதில் ஒரு தடவை மட்டும் கேட்டுப் பார்த்தபோது, ஆறு வயதுப் பிள்ளைகளின் பிழைகள் குறைந்தன. ஐம்பது ஆண்டுப் பழைய பாடம். இன்றும் கேள்வித்தாள்களில் ‘உறுதிப்படுத்த’ என்று ஒரே கேள்வி இரண்டு இடத்தில் வருகிறது.

‘கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை?’ என்பதும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருளற்ற கேள்வி. ஆனால் தடைக்காலம், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ஏர்வாடிச் சந்தனக்கூடு, ஆடி அமாவாசைக் கூட்டம், அரையாண்டுப் பரீட்சை ஆகியவற்றை ஒரு கயிற்றில் அட்டையாகத் தொங்கவிட்டால், ‘அது இதுக்கு முன்னாடி’, ‘இதுக்கும் அதுக்கும் நடுவுல’ என்று துல்லியமாக வைப்பார்கள். எந்த அட்டை என்பது ஊருக்கு ஊர் மாறும். முதல் நாளில் பிள்ளைகளையே எழுதச் சொல்ல வேண்டும்.

குழுவாகப் பேசுவதானால் நாலு முதல் ஆறு பேர். வயது வித்தியாசம் இரண்டுக்கு மேல் வேண்டாம். பத்து வயதுக்கு மேல் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனி. எட்டு வயதுக்குக் கீழ் இருபது நிமிடம், பன்னிரண்டு வரை நாற்பது, அதற்கு மேலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இடம், ஊரார் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது: ஏலம் முடிந்த கூடம், வலைக் கொட்டகை, ஆளில்லா நேரத்துப் புயல் காப்பகம். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ‘சார்’, ‘மிஸ்’ என்று கூப்பிட்டால் பிள்ளை பரீட்சை எழுதத் தொடங்கிவிடும். அண்ணா, அக்கா என்றே பழக்குங்கள். மூன்று நாலு வயது அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் நேர்காணல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001-ல் முன்வைத்த மொசைக் அணுகுமுறையைப் போல, கவனிப்பது, பிள்ளை கூட்டிப்போகும் இடத்துக்குப் போவது, பிள்ளையே படம் எடுப்பது, அம்மாவிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கேட்பது என்று பல துண்டுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் முன்னால் நடக்க ஆய்வாளர் பின்னால் போகும் நடை நேர்காணல் இந்தக் கரைக்கு மிகப் பொருந்தும். வெயில் தாழ்ந்த பிறகு, இரண்டு மூன்று பிள்ளைகள், கூட ஊரிலிருந்து ஒரு பெரியவர். தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. கட்டிக் கிடக்கும் படகிலும் ஏறக் கூடாது. அடிக்கடி பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்: படகு மறைக்கும் பாதை, நாய் படுத்திருக்கும் திருப்பம், கழிப்பறைக்குப் போகும் இருட்டு வழி, எல்லாம் அந்த உயரத்தில்தான் தெரியும்.

பிள்ளைகள் கையில் கேமரா கொடுத்து, எடுத்த படங்களைப் பற்றிப் பேசவைக்கும் ஒளிப்படக்குரல் முறையைக் கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் 1990-களில் சீனக் கிராமப் பெண்களோடு உருவாக்கினார்கள். இங்கே அதை அப்படியே எடுத்துவருவதில் ஆபத்து இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம், மண்டபத்தை அடுத்துப் பாம்பன் பாலம். எங்கே கேமராவைத் திருப்பக் கூடாது என்பதைப் படம் எடுக்கும் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைபடத்தில் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை ஆய்வாளரிடம் வராது, அப்பாவிடம்தான் வரும். அப்பாவின் போனை வாங்கி எடுக்கச் சொல்லவே கூடாது, படம் எங்கெங்கோ போய்ச் சேரும். தனிக் கருவி, இருப்பிடப் பதிவு அணைக்கப்பட்டது, ஆளுக்கு எட்டுப் பத்துப் படம், அதில் மூன்றைப் பிள்ளையே தேர்ந்து பேசட்டும். ஆள் முகம் இருந்தால் அவரிடம் கேட்டுத்தான். குளிக்கும் இடம், துணி துவைக்கும் இடம் வேண்டாம்.

அடுத்துச் சொல்லப்போவதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள், இதில் நடக்கும் தவறைப் பிறகு திருத்த முடியாது. சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தீவோரம் போய்க் கடல்பாசி எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கே போகத் தடை. ‘அம்மா எங்க போவாங்கன்னு வரை’ என்றால் பிள்ளை தீவை வரையும், பெயரும் எழுதும். அந்தத் தாள் அறிக்கையின் 43-ஆம் பக்கத்தில் ஊர்ப்பெயரோடு அச்சானால், பிள்ளையே அம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகிவிடும். அப்படித்தான் இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்களின் பிள்ளைகளும். பெயரை மாற்றிவிட்டு ‘தந்தை சிறையில் இருக்கும் ஏழாம் வகுப்புச் சிறுமி’ என்று எழுதினால், நூறு வீட்டு ஊரில் எல்லாருக்கும் யாரென்று தெரியும். ஊர்ப்பெயர், வயது, தந்தையின் நிலை, படகின் வகை இவற்றில் இரண்டுக்கு மேல் ஒரே இடத்தில் சேரக் கூடாது. தேவையானால் இரண்டு மூன்று பிள்ளைகளின் விவரத்தைச் சேர்த்துப் பொதுவாக எழுத வேண்டும். கைது நடந்த நாளைப் பற்றிப் பிள்ளையிடம் நேரடியாகக் கேட்கவே கூடாது. ஒரு பொம்மைப் பையனை வைத்து, ‘இவனோட அப்பா ஊருக்கு வர நாளாகுது, இவன் வீட்ல என்னென்ன மாறும்?’ என்று கதையை முடிக்கச் சொன்னால், தன் கதையா பொம்மையின் கதையா என்பதைப் பிள்ளையே வைத்துக்கொள்ளலாம். அழுகை வந்தால் ஒலிப்பதிவை அணைப்பது முதல் வேலை. மனநல உதவிக்கு யாரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே பேசி வைக்காதவர் இந்தத் தலைப்பை எடுக்கவே வேண்டாம்.

மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இதே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். எப்போது வந்தீர்கள், எந்தப் படகில், யார் கூட்டிவந்தார்கள் என்பவை ஆய்வுக் கேள்விகள் அல்ல, விசாரணைக் கேள்விகள். அங்குள்ள பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நமக்கு முன்னாலேயே தெரியும்.

பரிசுப் பொருள் விஷயத்தில் சுருக்கமாக: ‘கலந்துகிட்டா பேனா’ என்றால் அது இசைவை விலைக்கு வாங்குவது. சுண்டலோ கடலை மிட்டாயோ கொடுப்பதானால் அங்கிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், கலந்துகொள்ளாதவர்களுக்கும் சேர்த்து. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் ரமலான் மாதத்தில் பிற்பகல் சந்திப்பும் வேண்டாம், பகலில் தின்பண்டமும் வேண்டாம்.

ஒலிப்பதிவுக்குக் காற்று பெரிய எதிரி. பிற்பகல் கடற்காற்றில் எடுத்த பதிவில் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். காலையில், சுவரின் காற்று மறைவில், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, இரண்டு கருவியில் எடுங்கள். முதல் ஒரு நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். பிள்ளைகளும் தம் குரலைக் கேட்டுச் சிரித்து முடிக்கட்டும், பிறகு கருவியை மறந்துவிடுவார்கள். ஆனால் ‘அங்குட்டுப் போயி இத எடுத்தோம்’ என்று ஒரு பிள்ளை கையைக் காட்டிச் சொன்னால் ஒலிப்பதிவில் ‘அங்குட்டு’ம் ‘இத’வும் மட்டுமே இருக்கும். அதனால் பேசுபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர் என்று இரண்டு ஆள் கட்டாயம். பெரியவர் ஒருவரின் ஒரு மணிப் பேச்சை எழுத்தாக்க நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஐந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும் ஒரு மணிக்கு அதைப்போல இரட்டிப்பு ஒதுக்குங்கள். இந்த நேரத்துக்குப் பணம் ஒதுக்காத திட்டத்தில், தமிழில் எழுதாமலே காதில் கேட்டதை நேராக ஆங்கிலத்தில் சுருக்கிவிடுகிறார்கள். பிள்ளையின் சொல் அங்கேயே போய்விடுகிறது. முழுத் தமிழ் எழுத்தாக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்தாக்குபவர் இந்தக் கரையின் பேச்சு தெரிந்தவராக, வாப்பா, உம்மா, ராத்தா என்று உறவு சொல்லும் வீடுகளின் வழக்கும் அறிந்தவராக இருக்க வேண்டும்.

பகுப்பாய்வில் ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம். கருப்பொருள்களைப் பிரித்த பிறகு, அவற்றைப் பட அட்டைகளாக்கி அதே பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டும். ‘சரி’, ‘தப்பு’, ‘இது இல்லாம விட்டுட்டீங்க’ என்று மூன்று குவியல். மூன்றாவது குவியலுக்கு வெற்று அட்டைகளும் வண்ணக்கட்டியும் கொடுங்கள். பெரியவர்கள் ‘வறுமை’ என்று பெயர் வைத்ததைப் பிள்ளைகள் வேறெதற்காவது மாற்றி வைத்தால், அந்த மாற்றத்தை அறிக்கையில் எழுத வேண்டும். பிறகு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குத் தனியாக, அவர்கள் புரிந்துகொள்ளும்படி. படங்களை நகரத்து விடுதி அரங்கில் மாட்டி வைப்பது இதற்கு ஈடாகாது.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது: அனுமதி விண்ணப்பத்தோடு இரண்டு பக்க முறைக்குறிப்பைக் கட்டாயமாக்குங்கள். பருவமும் நாள்களும், இடம், பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் இசைவும் வாங்கும் விதம், ஆபத்து வெளிப்பட்டால் அழைக்கும் ஆள், அடையாளம் மறைக்கும் விதம், எழுத்தாக்கத்துக்கு ஒதுக்கிய நேரம், ஊருக்குத் திரும்பி வரும் தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். அதைப் படிக்கும் குழுவில் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரும், மீனவர் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் இடம்பெறட்டும். எந்தப் பள்ளியில் எந்த ஆய்வு நடந்தது என்று ஒரே பதிவேடு இருந்தால், வசதியான நாலைந்து பள்ளிகளையே எல்லாரும் திரும்பத் திரும்பச் சுற்றுவதும் குறையும். பல்கலைக்கழகத் துறைகளிடம் கேட்பது: ஒரு செமஸ்டருக்குள் முடித்தாக வேண்டிய முதுகலைத் திட்டக்கட்டுரைக்குப் பிள்ளைகளின் துயரத்தைத் தலைப்பாகக் கொடுக்காதீர்கள். விளையாட்டு, பள்ளிக்குப் போகும் வழி, கடலைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை என்று அந்த நாள்களுக்குள் ஒழுங்காகச் செய்யக்கூடிய தலைப்புகள் இங்கே நிறைய இருக்கின்றன. அறநெறிக் குழுக்களிடம் கேட்பது: ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினார்களா என்றும் கேளுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் புதிய விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். அதற்கு முன் முறைக்குறிப்பைக் கட்டாயமாக்கும் சுற்றறிக்கையை நிர்வாகம் வெளியிட்டால், வரும் கல்வியாண்டின் ஆய்வுகளுக்கே இது பொருந்தும். முறைக்குறிப்பின் மாதிரிப் படிவத்தைத் தமிழில் தயாரித்துத் தரவும், அதைப் பரிசீலிக்கும் அலுவலர்களோடு உட்காரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் குழந்தைகளோடு பணிசெய்யும் களப்பணியாளர்கள்